அரை நொடி உறக்கம்

பதினோரு கிலோபைட் கூடுதலாக இருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், கைபேசியில் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படம்கூட இதைப்போலப் பத்து மடங்கு இருக்கும், ஆனால் எனக்கு இன்று பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பதினொன்றை எடுத்தாக வேண்டும், இப்போது பத்தேகால், எதிரே கண்ணாடி அறைக்குள் பூங்கோதை, நாச்சிமுத்து சாரிடம் என்னவோ சொல்ல அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் எங்கள் கம்பெனி முதலாளி. அவள் என் மனைவி, திங்கட்கிழமையிலிருந்து எனக்கு மேலதிகாரியும்கூட. அப்படி என்ன சொல்லியிருப்பாள். அவருக்கு லேசில் சிரிப்பு வராது, எட்டு வருஷத்தில் நானும் நாலைந்து தடவை வேடிக்கையாகப் பேசிப் பார்த்திருக்கிறேன், ‘சரிப்பா தண்டபாணி, வேலையப் பாரு’ என்று போய்விடுவார். போகட்டும், வேலையைப் பார். திரையைப் பார். முந்நூறு வரி, வரிக்கு ஒரு கருவி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சதுர அடைப்பு, அடைப்புக்குள் நட்சத்திரம் இருந்தால் அந்தக் கருவி பெட்டிக்குள் போகும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நட்சத்திரம் மறையும், கருவியும் போச்சு. பெட்டி என்றால் கிராமத்துப் பால் குளிரூட்டும் நிலையங்களில் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுகிற கையகலப் பெட்டி, பாலின் சூடு நாலு டிகிரியைத் தாண்டினால் மேலாளரின் கைபேசிக்கு மெசேஜ் அனுப்பும், அதற்கு வேறு ஜோலி கிடையாது. அதற்குள் ஒரு குட்டி லினக்ஸ், கோப்பைத் திறக்க, தேதி பார்க்க, நெட்வொர்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கட்டளைகளையெல்லாம் ஒரே கோப்பாகச் சுருட்டிய பொதி ஒன்று, அந்தப் பொதியில் எது இருக்கலாம் எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்கிறவன் நான். முன்பெல்லாம் இடம் தாராளம். இந்தத் தடவை வாங்கிய சிப் பழையதில் பாதிதான், சந்தையில் அதுதான் கிடைத்ததாம், பன்னிரண்டு மணிக்குப் பால் ஒன்றியத்து ஆட்கள் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள், ஆகவே தண்டபாணி உட்கார்ந்து களை பறிக்கிறான்.

முதலில் காலண்டர். மாதத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் கருவி, பால் தொட்டிக்கு மாதம் எதற்கு, தட்டினேன், போச்சு. ஒரு எண்ணைக் காரணிகளாகப் பிரித்துக் காட்டுவது, இதை யார் உள்ளே விட்டது, நான்தான், ஏதோ ஒரு வெட்டி மத்தியானத்தில். போச்சு. கோப்பைக் கடைசி வரியிலிருந்து தலைகீழாகப் படிப்பது, போச்சு. பிரிண்டருக்கு அனுப்புவது, தொட்டி எதை அச்சடிக்கப் போகிறது, போச்சு. அடுத்தது ஹூ-ஆம்-ஐ. நான் யார் என்று பெட்டியைக் கேட்டால் பதில் சொல்லும் கருவி, எங்கள் பெட்டியில் எப்போது கேட்டாலும் ரூட் என்றுதான் வரும், இங்கே சகல அதிகாரமும் உனக்கே என்று அர்த்தம். ரொம்பச் சந்தோஷம். திங்கட்கிழமை காலையில் யாராவது இந்த ஹாலில் வைத்து என்னைக் கேட்டிருந்தால் நல்ல பதிலாகக் கிடைத்திருக்கும். நாச்சிமுத்து சார் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, மைசூர்பாகு டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்து, ‘இனிமே சாஃப்ட்வேருக்கு நம்ம பூங்கோதைதான் லீடு, எதா இருந்தாலும் அதுகிட்டவே கேட்டுக்கங்க’ என்றார். என்னைப் பார்த்து ஒரு கண்சிமிட்டல் வேறு. ‘தண்டபாணிக்குப் பிரச்சினை இல்ல, வூட்லயும் அப்படித்தான’ என்றார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கை தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். பொறாமைக்காரன்தான் அப்படித் தட்டுவான். மைசூர்பாகை டீ ஊற்றி இறக்கினேன். நானும் அவளும் ஒரே நாளில் இங்கே சேர்ந்தவர்கள், நேர்முகத் தேர்வுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், அவளுடைய பேனா எழுதவில்லை என்று என்னுடையதைக் கொடுத்தேன், அப்படித்தான் பழக்கமே. ஒரே சம்பளம், ஒரே ஸ்கூட்டர், ஒரே சாப்பாட்டுக் கூடை. இப்போது நான் லீவு வேண்டுமென்றால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை ராத்திரி அம்மா தாராபுரத்திலிருந்து போன் செய்து, ‘அதெப்படிடா, உனக்கு மேல அவளா?’ என்றாள், நான் குரலைத் தாழ்த்தி, ‘அதெல்லாம் சும்மா பேருக்கும்மா’ என்றேன். சமையலறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

மணி பத்து ஐம்பது. இதுவரை எடுத்தது பட்டியல் கணக்குப்படி ஒன்பது கிலோபைட், பொதியைப் புதிதாகக் கட்டிப் பார்த்தால் ஐந்தரைதான் குறைந்திருக்கிறது. எப்போதும் இப்படித்தான். பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் எத்தனை கிலோபைட் என்று போட்டிருக்கும், அதை நம்பித் தூக்கினால் அவ்வளவு தேறாது, ஏனென்றால் கருவிகள் உள்ளுக்குள் ஒன்றுக்கொன்று பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன, எண்ணைப் படிக்கும் பகுதி ஒன்றேதான், கோப்பைத் திறக்கும் பகுதி ஒன்றேதான், ஒன்றை வெளியே அனுப்பினாலும் அது புழங்கிய பொதுச் சாமான் மற்றவற்றுக்காக அங்கேயே இருக்கும். இன்னும் ஐந்தரை. சொன்னால் வெட்கம், ஒரே தட்டில் முடிகிற வேலை இது. வி.ஐ.க்கு முன்னால் இருக்கும் நட்சத்திரத்தைத் தட்டினால் போதும், இருபது கிலோபைட்டுக்கு மேல் காலியாகும், மிச்சமே கிடைக்கும், நான் எழுந்து போய் டீ குடிக்கலாம். வி.ஐ. என்றால் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து கோப்பைத் திருத்துகிற எடிட்டர். பட்டியலில் அந்த வரியை இன்று காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை தாண்டிப் போய்விட்டேன், கடன்காரன் வீட்டைத் தாண்டுகிற மாதிரி வேகமாகத் தாண்டினேன். அதை எடுக்க மாட்டேன். அந்தியூருக்குப் பக்கத்தில் ஒரு நிலையத்தில் மூன்று வருஷத்துக்கு முன் பெட்டி படுத்துவிட்டது, தொட்டியில் மூவாயிரம் லிட்டர், வழியில் மழை, என் லேப்டாப் நனைந்து உயிரை விட்டிருந்தது, அங்கே கிடந்த ஒரு பழைய டெர்மினலை மாட்டி, எழுத்து பாதி தெரியாத திரையில், வி.ஐ.யில் நாலே வரி திருத்தினேன், பெட்டி எழுந்தது. பால் சங்கத்து ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் சொம்பு நிறையப் பால் கொண்டுவந்து கொடுத்து, ‘எம்பட வண்டியக்கூட இப்படி யாரும் ரிப்பேர் பண்ணித் தரலீங்க தம்பி’ என்றார். நாச்சிமுத்து சார் அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இரண்டு வருஷம் சொன்னார், சொல்லும்போதெல்லாம் நான் அந்தப் பக்கமாக எதையாவது எடுக்கப் போவேன். எனக்கென்று இந்த ஆபீஸில் இருப்பது அந்த ஒரு கதைதான். அதற்கப்புறம் பூங்கோதை என்ன செய்தாள், பெட்டியின் எல்லா அமைப்புகளையும் ஒரு மெசேஜ் அனுப்பியே மாற்றிக்கொள்ளும்படி செய்துவிட்டாள். இனி யாரும் அந்தியூருக்கும் பர்கூருக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. ‘எதுக்குங்க மழையில அலையோணும், இங்கிருந்தே பண்ணிக்கலாமே’ என்றாள், எனக்காகத்தான் செய்தாளாம். கதை சொல்வது அன்றோடு நின்றது.

சும்மா சொல்லக் கூடாது, அவள் கெட்டிக்காரி. கெட்டிக்காரி இல்லையென்றால் எனக்கு எதற்கு வயிறு எரிகிறது. புதுப் பெட்டியின் காவல் ஸ்கிரிப்ட் அவள் எழுதியது, அறுபது வரிகூட வராது, எனக்கு மனப்பாடம், குற்றம் கண்டுபிடிக்கிற எண்ணத்தில் அத்தனை தடவை படித்திருக்கிறேன். பாலின் சூட்டைப் பார், அரை நொடி தூங்கு, மறுபடி பார், தொடர்ந்து நூற்றிருபது தடவை நாலு டிகிரிக்கு மேல் இருந்தால், அதாவது ஒரு முழு நிமிஷம் இருந்தால், அப்போதுதான் மெசேஜ் அனுப்பு. என்னுடைய பழைய ஸ்கிரிப்ட் நாலைத் தாண்டிய நொடியே அலறும். அவள் காங்கேயத்துப் பக்கம் ஒரு நிலையத்தில் ஒரு பகல் முழுக்கப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள், வந்து, ‘மூடியத் தொறந்து கலக்கறப்ப எல்லாம் மெசேஜ் போகுதுங்க, சும்மா சும்மா கத்துனா யாரு மதிப்பாங்க, அங்க நெலையத்தப் பாத்துக்கற அக்கா போனையே அமத்தி அலமாரில வெச்சிருக்குது’ என்றாள். எனக்கு ஏன் அது தோன்றவில்லை. நானும் முப்பது நிலையத்துக்குப் போயிருக்கிறேன், பெட்டியைத்தான் பார்த்தேன், போனை அலமாரியில் வைத்த அக்காவைப் பார்க்கவில்லை. ஒரு நொடிக்கு ஒரு தடவை பார்த்தால் போதாதா, எதற்கு அரை என்று மடக்கினேன். ‘கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கிறப்ப ஒரு குதி குதிக்குதுங்க, ஒரு நொடின்னா அது தெரியாமப் போயிருது’ என்று நோட்டில் கை வரைபடம் போட்டுக் காட்டினாள், சரியாகத்தான் இருந்தது, எனக்கு அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும்போல இருந்தது. ‘பரவாயில்ல’ என்றேன். எட்டு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன அதிகபட்சப் பாராட்டு அந்தப் பரவாயில்லதான், அதையும் அவள் ஏதோ பட்டுப்புடவை கிடைத்த மாதிரி வாங்கிக்கொள்வாள். அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. அவள் திருப்பிக் கேட்க வேண்டும், முறைக்க வேண்டும், அப்போதுதான் எனக்கு நியாயம் கிடைக்கும்.

பதினொன்று இருபத்தைந்து. உதவிக் குறிப்புகள் சிலவற்றை எடுத்தாயிற்று, ஒவ்வொரு கருவிக்கும் எப்படிப் பயன்படுத்துவது என்று உள்ளேயே நாலு வரி எழுதி வைத்திருக்கும், பெட்டிக்குள் யார் படிக்கப் போகிறார்கள். கட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பது பைட் அதிகம். நூற்று நாற்பது கிலோபைட் இல்லை, வெறும் பைட், ஒரு தந்தி அளவு. சிரிப்பு வந்தது. கண்ணாடி அறையில் அவள் தொட்டிக்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியில் ஐஸ் தண்ணீர் வைத்து, சென்சார் ஒயரை அதில் தொங்கவிட்டு, ஒயர்களுக்கெல்லாம் டேப் ஒட்டி அழகு பண்ணிக்கொண்டிருக்கிறாள், காலையில் வீட்டில் தேடிக்கொண்டிருந்த போசி அதுதான் போலிருக்கிறது, எனக்குப் போசியின்மேல்கூடக் கோபம் வருகிறது. மேலே போ. கீழே வா. சின்னச் சின்னக் கிளை விருப்பங்கள், கருவிக்குள் இருக்கும் உபரி வசதிகள். ஸ்லீப் என்ற கருவி. தூங்கு என்றால் அந்தத் தூங்கு. அதற்குக் கீழே ஒரு வரி: பின்ன நொடிகளை ஏற்றுக்கொள். நட்சத்திரம் இருக்கிறது. எடுத்தால் நூற்றெண்பது பைட் மிச்சம். விரல் அங்கேயே நின்றுவிட்டது. எடுக்க இன்னும் பத்து இடம் இருக்கிறது, எனக்கே தெரியும், இரண்டு நிமிஷம் தேடினால் யாருக்கும் வேண்டாத நூற்று நாற்பது பைட் எங்கேயாவது கிடைக்கும். ஆனால் இதுவும் நூற்றெண்பது பைட்தானே. இதையும் உபரி வசதி என்றுதானே பட்டியலிலேயே போட்டிருக்கிறான், நானா போட்டேன். எடுத்தால் என்ன ஆகும். அரை நொடி தூங்கு என்று அவளுடைய ஸ்கிரிப்ட் சொல்லும், ஸ்லீப்புக்குப் பின்னம் புரியாது, தப்பான எண் என்று ஒரு வரி முனகும், அந்த முனகல் எங்கேயும் பதிவாகாது, தூங்காமலே திரும்பிவிடும். ஸ்கிரிப்ட் நிற்காது, அதுதான் விசேஷம். தூங்காமல் ஓடும். ஒரு நிமிஷத்தில் பார்க்க வேண்டிய நூற்றிருபது பார்வையை ஒன்றிரண்டு நொடியில் பார்த்துத் தீர்த்துவிடும், யாராவது மூடியைத் திறந்தால்கூடப் போதும், மெசேஜ், மறுபடி மெசேஜ், பெட்டி கொதிக்கும். சும்மா சும்மா கத்தும். யார் மதிப்பார்கள். சே, என்ன புத்தி இது. நான் அப்படியெல்லாம் நினைக்கவில்லை, இடம் போதவில்லை, அதைத்தான் பார்க்கிறேன், நூற்று நாற்பது பைட், கம்பெனி வேலை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், முழு நொடியில் எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை, சின்னப் பெட்டிக்கு எழுதுகிறவர்கள் எது இருக்கும் எது இருக்காது என்று யோசித்து எழுத வேண்டாமா, இதுகூடத் தெரியாமல் என்ன லீடு. அவள் எழுதும்போது அந்த நட்சத்திரம் இருந்தது. நான்தான் போன வருஷம் போட்டேன், அவளுக்காகத்தான், அவள் கேட்டாள் என்று. தட்டினேன். நட்சத்திரம் போச்சு. அடைப்புக்குள் வெறும் வெள்ளை. கட்டும் வேலை ஓட ஆரம்பித்துவிட்டது, வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன, நிறுத்த வேண்டுமானால் இரண்டு விசை போதும், நிறுத்தவில்லை, ஓடட்டும், முதலில் அளவு சரியாக வருகிறதா பார்ப்போம், வந்தால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

வந்துவிட்டது. நாற்பது பைட் மிச்சத்தோடு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, பதினொன்று ஐம்பது. திரும்பிப் பார்த்தால் பூங்கோதை பின்னால் நிற்கிறாள், கையில் பென் டிரைவ், நெற்றியில் வேர்வை, ‘ஆச்சுங்களா, அவங்க கீழ வந்துட்டாங்க’ என்றாள். ஆச்சு என்றேன். ‘வி.ஐ.யை எடுத்தீங்களா?’ ‘இல்ல.’ ‘எடுக்காமயேவா! அப்படி எங்க போயிப் புடிச்சீங்க பதினோரு கேபியை’ என்று அவள் குனிந்து திரையில் கடைசி எண்ணைப் பார்த்தாள், அவள் முடி என் தோளில் பட்டது, காலையில் வைத்த மல்லிகை வாடியிருந்தது, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள், எனக்குத் தெரியும், அவளுக்குப் பொய்யாக ஆச்சரியப்பட வராது. இப்போது சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் இரு, ஒன்றை மாற்றணும் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு, யார் கட்டிய பொதியையும் இன்னொருத்தர் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை, நாச்சிமுத்து சார் கட்டினாலும் அப்படித்தான், நான் கட்டியதை மட்டும் பூங்கோதை ஓட்டிப் பார்க்க மாட்டாள். எட்டு வருஷமாகப் பார்த்ததில்லை. மற்றவர்கள் கேலி செய்வார்கள். இன்றைக்காவது பார்ப்பாள், பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், அய்யோ தவறிப் போச்சு என்று நானே திருத்திக் கொடுத்துவிடலாம், அதற்காகக்கூட வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவள் பென் டிரைவைச் சொருகிப் பொதியை ஏற்றிப் பிடுங்கிக்கொண்டு, ‘நீங்களும் உள்ள வந்து உக்காருங்க, நான் அறிமுகப்படுத்தறேன், பில்டு பண்ணுனது இவருதான்னு சொல்றேன்’ என்றாள். அறிமுகப்படுத்துகிறாளாம். என்னை. என் பெட்டிக்கு. ‘நீயே போய்க்கோ’ என்றேன். ‘சரிங்க’ என்று போய்விட்டாள். ஓட்டிப் பார்க்கவில்லை.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிகிறது, கதவு பாதி திறந்திருப்பதால் காதிலும் விழுகிறது. ஒன்றியத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் வெள்ளைச் சட்டை மேலாளர், மற்றவர் கண்ணாடி போட்ட அம்மாள், இருவருக்கும் நடுவில் நாச்சிமுத்து சார் மாப்பிள்ளை வீட்டார் வந்தது மாதிரி நெளிகிறார். இருநூறு நிலையம், பெட்டி பிடித்துப்போனால் இருநூறும் எங்களுக்கு. பூங்கோதை பேசுகிறாள், மூடி திறந்தால் கத்தாது, ஒரு நிமிஷம் முழுக்க ஏறினால்தான் கத்தும், அதுதான் இதன் குணம் என்கிறாள், மேலாளரின் எண்ணைப் பெட்டியில் கொடுத்திருக்கிறாள், ‘இப்ப வெளிய எடுத்துட்டு உடனே உள்ள போடறேனுங்க சார், ஒண்ணும் வராது பாருங்க’ என்று சென்சாரைத் தூக்குப்போசியிலிருந்து எடுத்தாள். எடுத்துப் பிடித்து நாலு நொடிகூட ஆகியிருக்காது. மேலாளரின் போன் டிங் என்றது. அவர் குனிந்து பார்த்தார். டிங். டிங். அந்த அம்மாள் சிரித்தார், ‘என்னம்மா, இப்பவே கூப்பிடுது’ என்றார். டிங். பூங்கோதை ஒயரை மறுபடி ஐஸில் விட்டாள், தண்ணீர் மேஜைமேல் தெறித்தது, நாச்சிமுத்து சார் கர்ச்சீப்பால் துடைக்கிறார், ஈரச் சென்சார் குளிரக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை டிங், டிங். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது, இல்லையா. காலையிலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து, ஒருவேளை அந்தப் பேனாவைக் கொடுத்த நாளிலிருந்து. ஒரு சொட்டுச் சந்தோஷம்கூட வரவில்லை. அவள் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கையை எடுக்கவில்லை. அப்புறம் லேப்டாப்பில் ஒயரைச் சொருகி ஒரே ஒரு வரி அடித்தாள். ஒரே வரி. அரை நொடி தூங்கு என்றுதான் அடித்திருப்பாள், தப்பான எண் என்றுதான் பதில் வந்திருக்கும், எனக்கு இங்கிருந்தே தெரியும். அதைப் படித்துவிட்டு அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, சந்தேகமாகவும் இல்லை, தெருவில் யாரோ ஒருவரைத் தெரிந்தவர் என்று நினைத்து அப்புறம் இல்லையென்று தெரியும்போது பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, ‘ஸ்கிரிப்ட்ல ஒரு சின்னத் தப்புப் பண்ணிட்டேனுங்க, என்னோடதுதான், கேன்டீன்ல ஒரு டீ சாப்ட்டுட்டு வாங்க, பத்து நிமிஷத்துல சரி பண்ணிர்றேன்’ என்றாள். நாச்சிமுத்து சார் முகம் சுண்டிப் போய் அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

வந்தாள். ‘எந்திரிங்க’ என்றாள். எழுந்தேன், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள், நேராக ஸ்லீப்புக்குப் போனாள், தேடவே இல்லை, நட்சத்திரத்தைப் போட்டாள். கட்டிப் பார்த்தாள், நூற்று நாற்பது பைட் அதிகம். பட்டியலில் மேலே போனாள், வி.ஐ.யில் நின்றாள். எடு, எடுத்துவிடு என்று நினைத்தேன், மனசார நினைத்தேன், எடுத்தால் கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். அவள் எடுக்கவில்லை, கீழே இறங்கி, எண்களைக் கூட்டிக் கழிக்கும் ஆக் என்ற கருவிக்குள் போய், அங்கே யாருக்கும் வேண்டாத சைன், காஸ் கோணக் கணக்குகள் கிடந்ததைத் தட்டிவிட்டாள். கட்டினாள். உட்கார்ந்தது. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த இடத்தில் நாலு நிமிஷம் என்று அப்போதும் எனக்குத் தோன்றியது, வெட்கமில்லாமல் தோன்றியது, எரிந்தது. இந்தத் தடவை அவள் பென் டிரைவில் போட்டதைப் பக்கத்து மேஜையிலிருந்த சோதனைப் பெட்டியில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். ‘பூங்கோதை’ என்றேன். அவள் ஒயரைக் கழற்றிக்கொண்டே, சத்தம் போடாமல், நாளைக்குக் காய் வாங்க வேண்டும் என்பதுபோல, ‘இனிமே எம்பட பில்டை நானே போட்டுக்கறனுங்க’ என்றாள். உள்ளே போய்விட்டாள்.

டீ குடித்தவர்கள் திரும்பி வந்தார்கள், சென்சார் வெளியே வந்தது, உள்ளே போனது, போன் பேசாமல் இருந்தது. அப்புறம் வெளியே எடுத்தே வைத்தாள், எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒரு நிமிஷம் முடிந்ததும் ஒரே ஒரு டிங். அந்த அம்மாள் ‘இது நல்லாருக்கு’ என்றார். வெள்ளைச் சட்டைக்காரர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார், செய்தாள், கைகொடுத்துவிட்டுப் போனார்கள், அவர்களைப் படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நாச்சிமுத்து சார் ஏறக்குறைய ஓடி வந்தார், நேராக என் மேஜைக்கு, தோளில் ஓங்கி ஒரு தட்டு. ‘ஏம்ப்பா தண்டபாணி, பூங்கோதை எல்லாம் சொல்லுச்சு. அது எங்க தப்புப் பண்ணியிருக்குதுன்னு நீதான் டக்குனு கண்டுபுடிச்சுச் சொன்னியாமா. இல்லைனா இன்னிக்கு இருநூறும் போயிருக்கும். எனக்குத் தெரியும்ப்பா, அந்தியூர்க்காரன் நீ’ என்றார். நாலைந்து பேர் எழுந்து பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். கண்ணாடி அறைக்குள் பூங்கோதை இந்தப் பக்கம் பார்க்காமல் மேஜையில் ஒட்டிய டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். சார் என் முகத்தையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

‘ஆமாங்க சார்’ என்றேன்.